வண்டல் விசிறியைப் படிக்கப் பழகுதல்: கண்மாய்க் கரையிலிருந்து மலையடிவாரம் வரை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் மலைப் பள்ளத்தாக்கு கிடையாது. குன்றக்குடி, பிரான்மலை என்று ஆங்காங்கே எழும் குன்றுகளை விட்டால், நிலம் கடலை நோக்கித் தென்கிழக்காக மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. இருந்தாலும் வண்டல் விசிறி எப்படி உருவாகிறது, அதன் வடிவத்தை எது தீர்மானிக்கிறது என்று கற்கத் தொடங்க இது நல்ல இடம். செம்மண் குழிகளும் கண்மாய்க் கரைகளும் ஒரே மழையில் சின்னச் சின்ன விசிறிகளைச் செய்து காட்டிவிடும். அவற்றைப் பார்த்துக் கண் பழகிய பிறகு மலையடிவாரத்துக்குப் போனால், அங்கே எதைத் தேடுவது என்று திகைக்க வேண்டியிருக்காது.

மலையில் இரு கரைக்குள் நெருக்கப்பட்டு ஓடிவரும் ஓடை, அகன்ற பள்ளத்தாக்கின் தளத்துக்கோ சமவெளிக்கோ வந்ததும், சுமந்துவந்த பாறாங்கல், சரளை, மணல், வண்டல் எல்லாவற்றையும் பரப்பிப் போடுகிறது. இப்படிப் படிந்ததே வண்டல் விசிறி. மேலிருந்து பார்த்தால் விசிறி. பக்கத்திலிருந்து பார்த்தால் பாதியாக வெட்டிய தட்டையான கூம்பு. ஓடை வெளிவரும் இடத்தை முனை என்றும் கீழ் விளிம்பை அடி என்றும் இங்கே சொல்கிறோம். 'வண்டல் விசிறி' என்ற சொல்லாட்சியைப் புவியியலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபிரடெரிக் ட்ரூ. 1873-இல் மேல் சிந்துப் பள்ளத்தாக்கைப் பற்றி அவர் எழுதியதில் லடாக்கின் விசிறிகள் விரிவாக வருகின்றன. லே நகரமே அப்படி ஒரு விசிறியின் மேல்தான் இருக்கிறது.

முதலில் தெளிய வேண்டியது: சரிவா, கரையா?

"மலையிலிருந்து இறங்கியதும் சரிவு குறைகிறது, வேகம் குறைகிறது, மண் படிகிறது" என்றுதான் பலரும் படித்திருப்போம். இது பாதி உண்மை. நிறைய விசிறிகளில் முனைக்குச் சற்று மேலே ஓடையின் சரிவும் முனைக்குக் கீழே விசிறியின் சரிவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அங்கும் மண் படிகிறது. காரணம், நீருக்கு இரு பக்கமும் இருந்த கரை விலகிவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடை 4 மீட்டர் அகலம், வெள்ளத்தின் ஆழம் 1 மீட்டர், சரிவு 100 மீட்டருக்கு 3 மீட்டர். நீர் எவ்வளவு பெரிய கல்லை உருட்டும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ஆழத்தைச் சரிவால் பெருக்கி, வருவதை 13-ஆல் பெருக்க வேண்டும். 1 × 0.03 × 13 என்றால் சுமார் 0.4 மீட்டர். அதாவது 40 செ.மீ. கல் உருளும். அதே வெள்ளம் கரை விலகி 40 மீட்டர் அகலத்துக்குப் பரவினால் ஆழம் ஏறத்தாழ 25 செ.மீ. ஆகிவிடும். சரிவு கொஞ்சமும் மாறாவிட்டாலும் இனி 10 செ.மீ. கல்லைத்தான் உருட்ட முடியும். அதைவிடப் பெரியதெல்லாம் முனையிலேயே தங்கிவிடும். பரவிய நீரில் ஒரு பங்கு சரளைக்குள் இறங்கியும் போவதால் சுமக்கும் ஆற்றல் இன்னும் குறையும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாக விளங்கும்.

படி 1: உள்ளூரில் ஒரு விசிறியைக் கண்டுபிடியுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை நல்ல காலம். மூன்று இடங்களில் தேடலாம்: செம்மண் அல்லது செம்புறாங்கல் வெட்டிய பழைய குழிகளின் சுவரடி, கண்மாய்க் கரையின் சரிவில் மழை அரித்த வாய்க்கால்களின் அடி, புதிதாகப் போட்ட சாலை மேட்டின் பக்கச் சரிவு. குழி விளிம்பில் நிற்காதீர்கள். மேலே இறுகிய செம்புறாங்கல் நீட்டிக்கொண்டிருக்க, அடியில் இளகிய மண் அரிந்து போயிருக்கும், சொல்லாமல் சரியும். கீழேயிருந்து, சுவரைவிட்டு அதன் உயர அளவுக்குத் தள்ளி நின்றே பாருங்கள். அளக்கவோ மண் அள்ளவோ கண்மாய்க் கரைச் சரிவும் சாலை மேடும் போதும்.

வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழையும் வாயிலும் விசிறி போன்ற ஒன்று கிடக்கும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கண்மாயில் தண்ணீர் நின்றபோது படிந்தது என்றால் அது கழிமுகம் (டெல்டா), விசிறி ஆகாது. வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். கழிமுகத்தின் மேல்பரப்பு கிட்டத்தட்ட தட்டையாக வந்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரே உயரத்தில் வெட்டென்று இறங்கும். விசிறிக்கு அப்படி முகப்பு இல்லை. சரிந்துகொண்டே போய் மெலிந்து தரையோடு கலந்துவிடும். கலுங்கு வழியாகத் தண்ணீர் போகும் மட்டமும் அந்த முகப்பின் உயரமும் ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

சரியான விசிறி கிடைத்ததும் மூன்று அளவுகளை எடுங்கள். முனையிலிருந்து அடிவரை நீளம், முனைக்கும் அடிக்கும் உயர வித்தியாசம், அடியில் அகலம். உயரத்துக்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். குழாயில் காற்றுக்குமிழ் இருந்தால் அளவு தப்பும் என்பதால் அதைத் தட்டி வெளியேற்றிவிட்டு அளங்கள். 2 மீட்டர் நீளத்தில் 16 செ.மீ. இறக்கம் என்றால் சரிவு 8 சதவீதம். பிறகு முனை, நடு, அடி என மூன்று இடங்களில் ஒவ்வொரு பிடி மண் எடுத்து உலர்த்தி, 2 மி.மீ. கண் உள்ள சல்லடையில் சலித்துத் தங்குவதை எடை போடுங்கள். முனையில் செம்புறாங்கல்லின் உருண்டைச் சரளை நிறையத் தங்கும், அடியில் அனேகமாக எதுவும் தங்காது. உள்ளங்கையில் வைத்து ஈரப்படுத்திப் பார்த்தாலே தெரியும்: முனை மண் நெறுநெறுக்கும், அடி மண் ஒட்டும்.

படி 2: முற்றத்தில் ஒரு விசிறி செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வோம். எந்தக் காரணம் எந்த வடிவத்தைத் தருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. மழைநீர் வெளியேற வழியுள்ள முற்றம் இருந்தால் வசதி. மொட்டை மாடியும் போதும், ஆனால் வடிகுழாய் வாயில் பழைய துணியைக் கட்டிவிடுங்கள். மணல் போய் அடைத்தால் எடுப்பது கஷ்டம்.

வேண்டியவை: 1.2 × 1 மீட்டர் பிளைவுட் பலகை, அதன்மேல் விரிக்கத் தார்ப்பாய், பத்து செங்கல், ஐந்து சாந்துச் சட்டி மணல், கொஞ்சம் சலித்த செம்மண், குழாய் பொருத்திய வாளி, கோலப்பொடி. எம்-சாண்ட் என்றால் ஒருமுறை கழுவிவிடுங்கள். அதிலுள்ள மாவுத்தூள் முதல் ஐந்து நிமிடத்தைக் குழப்பிவிடும். கோலப்பொடி கல்மாவாக இருக்கட்டும். அரிசிமாவு கரைந்து ஒட்டும், எறும்பும் வரும்.

பலகையின் ஒரு முனையில் செங்கற்களை இரண்டு வரிசையாக 8 செ.மீ. இடைவெளி விட்டு 40 செ.மீ. நீளத்துக்கு அடுக்குங்கள். இதுதான் மலை இடுக்கு. பலகை முழுவதும் 3 செ.மீ. கனத்துக்கு மணல் பரப்பி, நன்றாக நனைத்து, மட்டப்படுத்துங்கள். காய்ந்த மணலில் நீர்விட்டால் முழுவதையும் அதுவே குடித்துவிடும். விசிறி வளராமல் முனையில் குவியல்தான் மிஞ்சும். பிறகு குழாயைத் திறந்து, ஒரு லிட்டர் பாட்டில் 40 நொடியில் நிறையும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். அது நிமிடத்துக்கு 1.5 லிட்டர். இடுக்கின் மேல்முனையில் நிமிடத்துக்கு 200 கிராம் மணலைக் கையால் சீராகத் தூவுங்கள். பத்து நிமிடத்தில் 2 கிலோ போயிருக்கும். ஏறக்குறைய 30 செ.மீ. ஆரமும் முனையில் 3 செ.மீ. உயரமும் கொண்ட விசிறி எழும்.

பார்க்க வேண்டியது அது எழும் விதம். நீர் ஒருபோதும் விசிறி முழுவதும் ஒரே சமயத்தில் ஓடாது. ஒரு தடத்தில் ஓடும். அங்கே மண் ஏறி மேடாகும். மேடானதும் பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவும். இந்தத் தடம் மாறுதல்தான் விசிறியை இருபக்கமும் சமமாக வளர்க்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை நிறுத்தி, விசிறி முழுவதும் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவிவிட்டு மறுபடி திறங்கள். வெள்ளை அழிந்த இடமெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் நீர் ஓடிய இடம். முடிவில் பழைய கத்தியால் முனையிலிருந்து அடிவரை வெட்டிப் பார்த்தால் வெள்ளைக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும்; எந்தப் பகுதி எப்போது வளர்ந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

அடுத்து ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் எது என்று தெரியாது.

சரிவு: முதல் ஓட்டத்தில் இடுக்கின் தரையை உயர்த்தி, வெளியே மட்டமாக வையுங்கள். அடுத்த ஓட்டத்தில் இடுக்கு, வெளித்தரை இரண்டையும் மீட்டருக்கு 8 செ.மீ. என்று ஒரே சரிவில் சாய்த்து வையுங்கள். இரண்டாவதிலும் விசிறி வரும். கரை விலகுவதே போதும் என்பதற்கு இதுதான் சான்று.

மண்ணின் அளவு: விசிறி வளர்ந்த பிறகு மணல் தூவுவதைப் பாதியாகக் குறையுங்கள். நீர் முனையை வெட்டிப் பள்ளம் எடுக்கத் தொடங்கும். வெட்டிய மண்ணைக் கீழே கொண்டுபோய்ப் புதிதாக ஒரு சின்ன விசிறியைப் பழையதன் அடியில் போடும். மலையில் இது நடந்திருப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள்.

நீரின் அளவு: அதே மணலுக்கு நீரை இரட்டிப்பாக்கினால் சரிவு தணிந்து விசிறி அகலும். நீர் குறைந்து மணல் மிகுந்தால் செங்குத்தாகும். விசிறியின் சரிவை நிர்ணயிப்பது இந்த விகிதமும் கல்லின் பருமனும்தான்.

களி: மணலில் மூன்றில் ஒரு பங்கு செம்மண்ணைக் கலந்து, கஞ்சிப் பதத்தில் கரைத்து இடுக்கில் ஊற்றுங்கள். பரவாமல் நாக்குபோல் நீண்டு, இருபக்கமும் சின்ன வரப்பு கட்டிக்கொண்டு, மூக்கு தடித்து நின்றுவிடும். மலையில் சேறும் கல்லும் சேர்ந்து வரும் பாய்ச்சல் இப்படித்தான் நிற்கும். பதம் முக்கியம்: தண்ணீர் கூடினால் ஓடிவிடும், குறைந்தால் இடுக்கிலேயே நிற்கும்.

எதிர்ச்சுவர்: முனைக்கு எதிரே 25 செ.மீ. தள்ளிச் செங்கல் வரிசை வையுங்கள். குறுகிய பள்ளத்தாக்கில் எதிர்மலை முட்டும் நிலை இது; விசிறி முன்னே போக இடமின்றி உயரமாகவும் பக்கவாட்டிலும் வளரும். சுவரை ஒட்டி ஒரு குழாயால் நீர் ஓடவிட்டால், பள்ளத்தாக்கின் ஆறு விசிறியின் அடியை அறுத்துக்கொண்டு போவதையும் பார்க்கலாம்.

அடிக்கடி வரும் கோளாறுகள் இரண்டு. குழாய்நீர் நேராக மணலில் விழுந்து குழி பறிக்கும். விழும் இடத்தில் ஒரு ஓட்டுச் சில்லை வையுங்கள். விசிறி ஒரே பக்கம் வளர்ந்தால் பலகை பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. டியூப் லெவல் வைத்துத் திருத்துங்கள்.

படி 3: வரைபடத்தில் தேடுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடமும், இஸ்ரோவின் புவன் தளமும், கூகுள் எர்த்தும் போதும். 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருக்கும். ஓடை இறங்கும் இடுக்கில் அந்தக் கோடுகள் மலைப்பக்கமாகக் கூர்ந்து உள்வாங்கும். அதே ஓடை வெளியே வந்த இடத்தில் கோடுகள் எதிர்ப்பக்கமாக, வெளிநோக்கி வளைந்து அடுத்தடுத்த வில்களாக நின்றால் அது விசிறி. சின்ன விசிறி 20 மீட்டர் இடைவெளிக்குள் மறைந்துவிடும். அதற்குச் செயற்கைக்கோள் படத்தில் ஓடைகள் ஒரு புள்ளியிலிருந்து பிரிவதையும், தோப்புகளின் எல்லை வில்லாக வளைவதையும் பாருங்கள்.

காரைக்குடியிலிருந்து போய்வர, நத்தம் பக்கம் கரந்தமலை, சிறுமலை அடிவாரங்களையும், மதுரை தாண்டிப் பெரியகுளம், போடி, கம்பம் பள்ளத்தாக்கின் ஓரங்களையும் வரைபடத்தில் இப்படி அலசலாம். எல்லா ஓடை வாயிலும் விசிறி இருக்காது. வில் கோடு தெரிந்த இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

குறித்த பிறகு, முனைக்கு மேலே அந்த ஓடைக்கு நீர் தரும் பரப்பை, அதாவது நீர்பிடிப்பை, நீர்பிரி முகடு வழியாகக் கோடிட்டு அளங்கள். இதை வைத்து மெல்டன் விகிதம் கணக்கிடலாம். நீர்பிடிப்பின் உச்சிக்கும் முனைக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, பரப்பின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 4 சதுர கி.மீ. பரப்பு, 0.5 கி.மீ. உயரம் என்றால் 0.5 ÷ 2 = 0.25. 1 சதுர கி.மீ. பரப்பு, 0.8 கி.மீ. உயரம் என்றால் 0.8. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கண்ட எல்லைகளின்படி 0.3-க்குக் கீழே சாதாரண வெள்ளம், 0.3 முதல் 0.6 வரை கல் மிகுந்த வெள்ளம், அதற்கு மேலே, நீர்பிடிப்பின் நீளமும் குறைவாக இருந்தால், சேற்றுக்கல் பாய்ச்சல். நம் ஊர்ப் பாறைக்கும் காட்டுக்கும் அதே எல்லை அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாமல், களத்தில் சரிபார்க்க ஒரு தொடக்க ஊகமாக வையுங்கள்.

சரிவும் இதையே பேசும். நீர் போட்ட விசிறி பெரும்பாலும் 1 முதல் 3 பாகை; சேற்றுக்கல் பாய்ச்சல் போட்டது 5 முதல் 15 பாகை வரை. சிறிய செங்குத்து நீர்பிடிப்புக்குச் சிறிய செங்குத்து விசிறி. பெரிய நீர்பிடிப்புக்குப் பெரிய தணிந்த விசிறி. பீகாரில் கோசி ஆற்றின் பெருவிசிறியில் சரிவு கண்ணுக்கே தெரியாது.

நீர்பிடிப்பு பெரிதானால் விசிறியும் பெரிதாகும். ஆனால் அதே விகிதத்தில் இல்லை. விசிறிப் பரப்பு, நீர்பிடிப்புப் பரப்பின் சுமார் 0.9 அடுக்காக வளர்வதைப் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். நீர்பிடிப்பு இரண்டு மடங்கானால் விசிறி 1.87 மடங்கு. இந்த உறவைக் குலைப்பவை இரண்டு. ஒன்று பாறை. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்ட மேற்குப் பகுதியை 1960-களில் ஆராய்ந்த வில்லியம் புல், மணற்கல் நீர்பிடிப்பைவிட எளிதில் அரிக்கும் களிக்கல் நீர்பிடிப்புக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிய விசிறி இருப்பதைக் காட்டினார். மற்றொன்று விசிறி தங்கும் தளம். கலிபோர்னியாவின் டெத் வேலி பள்ளத்தாக்கின் தளம் கிழக்காகச் சாய்ந்து இறங்குகிறது. அதனால் மேற்குப் பக்கத்து விசிறிகள் பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. கிழக்குப் பக்கத்தில் அடி தாழ்ந்து உப்புத்தளப் படிவுக்குள் புதைவதால் சிறுத்துச் செங்குத்தாக நிற்கின்றன. ஒரே பள்ளத்தாக்கு, இரண்டு வடிவம்.

படி 4: களத்தில்

மாசி, பங்குனி, சித்திரை உகந்த மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஓடைத் தடத்தில் நிற்கவே கூடாது. உங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தாலும் மலைமேல் பெய்தால் நிமிடங்களில் வெள்ளம் இறங்கும். முனைக்கு மேலே பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம்.

அடியிலிருந்து முனையை நோக்கி நடங்கள். 100 மீட்டருக்கு ஒருமுறை நின்று, சுற்றிலும் கிடப்பதில் மிகப் பெரிய பத்துக் கற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் நடு அச்சை (நீளமும் அல்ல, கனமும் அல்ல) அளந்து சராசரி எடுங்கள். முனையை நெருங்க நெருங்க சராசரி ஏற வேண்டும். ஏறாமல் அடியிலும் பெரிய பாறாங்கல் கிடந்தால், அதைக் கொண்டுவந்தது சாதாரண நீர் அல்ல.

அதை உறுதிசெய்ய வெட்டுமுகம் வேண்டும். ஓடைக்கரை போதும், இன்னும் நல்லது, கல் கட்டாத தோட்டக் கிணறு. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு மேலேயிருந்தே பாருங்கள். கற்கள் ஒன்றையொன்று தொட்டு, ஒரே பக்கம் சாய்ந்து அடுக்காக இருந்தால் ஓடும் நீர் போட்டது. கற்கள் ஒன்றையொன்று தொடாமல், களிமண்ணுக்குள் மிதப்பதுபோல், பெரிதும் சிறிதும் கலந்து பதிந்திருந்தால் சேற்றுக்கல் பாய்ச்சல். கிணற்றுக்காரரிடம் எத்தனை அடியில் எந்த மண் வந்தது, ஊற்று எங்கே திறந்தது என்றும் கேளுங்கள். முனையில் சரளைக்குள் இறங்கும் நீர் அடியில் மெல்லிய மண் தடுக்கும் இடத்தில் மேலெழும். ஆகவே அடிப்பகுதிக் கிணற்றில் தண்ணீர் மட்டம் மேலாக இருப்பது வழக்கம்.

கடைசியாக, விசிறி இன்னும் வளர்கிறதா என்று பாருங்கள். முனையில் ஓடை எவ்வளவு ஆழமாக வெட்டியிருக்கிறது, வெட்டின் தரையும் விசிறியின் மேல்பரப்பும் எங்கே சந்திக்கின்றன என்று குறியுங்கள். சந்திப்புக்கு மேலே பழைய பரப்பு. மண் சிவந்து இறுகி, கற்களின் மேல்தோல் உதிர்ந்திருக்கும். சந்திப்புக்குக் கீழேதான் இன்றைய வெள்ளம் பரவும். அங்கே கல் புதிதாகவும் மண் சாம்பல் நிறத்திலும் மரம் இளசாகவும் இருக்கும்.

மலையடிவாரத்தில் மனை வாங்கவோ வீடு கட்டவோ நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். "அந்த ஓடை இருபது வருஷமாக ஓடவில்லை" என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. முற்றத்து மாதிரியில் பார்த்ததுபோல, நீர் ஓடாத பக்கம் தாழ்ந்தே கிடக்கும், அடுத்த தாவல் அங்கேதான். 1999 டிசம்பரில் வெனிசுலாவின் வர்காஸ் கடற்கரையில், விசிறியின் மேல் கட்டியிருந்த கராபயேதா பகுதியைப் பாறாங்கற்கள் நிறைந்த பாய்ச்சல் மூடியது. 2010 ஆகஸ்ட் 5 இரவு முதல் 6 விடியலுக்குள் லேயைச் சேறும் கல்லும் தாக்கியதும் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் வழியாகவே. 2008 ஆகஸ்ட் 18-இல் நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தபோது, கோசி தன் விசிறியின் மேல் கைவிட்ட பழைய தடங்களுக்கே திரும்பிப் போனது.

ஆகவே மனை பார்க்கும்போது மூன்றைக் கேளுங்கள்: வெட்டின் சந்திப்புக்கு மேலா கீழா; மேலே என்றால் வெட்டின் ஆழம் எவ்வளவு; மலையில் சாலை வெட்டியோ காடு அழித்தோ புதிதாக மண் இறங்குகிறதா. 3 மீட்டர் வெட்டு, ஒரே சேற்றுக்கல் பாய்ச்சலில் தூர்ந்துபோகலாம். தூர்ந்த அன்றே பாதுகாப்பான மேட்டுநிலம் ஓடைத் தடமாகிவிடும். சந்திப்புக்குக் கீழே, தற்போதைய ஓடைக்கும் தாழ்வாக ஒரு பழைய தடம் மனையின் குறுக்கே போனால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மனை வேண்டாம்.